அரைப்பேர்

ஹட்டன் பழைய தபால் கந்தோர், மேல்மாடி,
ஜன்னலோர மேசை எனக்கு.
கத்தரிக்கோல் ஒன்று, முத்திரை ஒன்று.
வேலைக்குப் பெயர் சொற்கவ்வாத்து.
வெட்டினால்தான் துளிர்க்கும் என்று
நியமனக் கடிதத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

மாதம் ஒரு பட்டியல் வரும்.
தையில் ‘பாக்கி’ போனது.
மாசியில் ‘ஏன்’.
அதோடு கடிதங்கள் பாதியாய்ச் சுருங்கின.
தபால்காரனுக்கு நல்ல காலம் என்றான் மரியசீலன்.
யாரும் சிரிக்கவில்லை,
சிரிப்பு இன்னும் பட்டியலில் வரவில்லை என்றாலும்.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்றுதான் சொல்வது.
விடிகாலைப் பிரட்டுக்களத்தில்
கணக்கப்பிள்ளை ஒலிபெருக்கியில் வாசிப்பார்
போகிற சொல்லை, ஒரே தடவை,
எல்லோரும் கேட்க.
பிறகு அதைச் சொன்னவருக்கு அன்று அரைப்பேர்.
மறுபடி சொன்னால் பேரே இல்லை.

மேமலைத் தோட்டம், ஏழாம் நம்பர் மலை, இருளாயி.
கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கு
வாரம் ஒரு கடிதம்.
‘பாக்கி’ போன வாரம் எழுதியிருந்தாள்:
“கடைக்காரர் இப்போது தூரத்திலேயே
என்னை அடையாளம் கண்டுபிடிக்கிறார்.”
‘பசி’ போன வாரம்:
“பானை சுகம். கழுவுகிற வேலை இல்லை.”
எங்கே வெட்ட?
ஒவ்வொன்றும் அனுமதித்த சொல்.
முத்திரை குத்தினேன்.
உள்ளதைச் சொன்னால்
அவள் கடிதத்துக்காகவே சில திங்கட்கிழமைகளில்
சீக்கிரம் வேலைக்கு வந்தேன்.

குழந்தைவேல் பேச்சையே விட்டுவிட்டான்.
நாய்க்கும் விசில், மாட்டுக்கும் விசில்.
ஃபெக்டரியில் ரோலருக்குப் பக்கத்தில் நின்று
பெண்கள் போன சொற்களையெல்லாம் கத்தினார்கள்,
இயந்திரம் தின்னட்டும் என்று.
ஷிஃப்ட் முடிந்து வருகையில் தொண்டை கட்டியிருக்கும்,
முகம் தெளிந்திருக்கும்.
மரியசீலன் தன் பிள்ளைக்கு
அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.
‘அழாத பிள்ளை’ என்றான், பெருமையாக.

ஐப்பசியில் மழை பிடித்தது.
பட்டியலில் ஒரே சொல்: ‘மண்சரிவு’.
காரணம்: பீதி.

இருளாயி எழுதியிருந்தாள்:
“பின்சுவரில் ஒரு கோடு.
வெள்ளிக்கிழமை விரல் நுழைந்தது. இன்றைக்குக் கை.
மலை நம்ம காம்பிராவுக்கு வரப் பார்க்கிறது, தம்பி.
வந்து கூட்டிக்கொண்டு போ.”

ஒரு சொல்லும் பட்டியலில் இல்லை.
ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது.
புரிந்ததால் பயந்தேன்.
பயந்ததால் வெட்டினேன்.
மகனுக்குப் போனது:
“இங்கே மழை. நலம்.”

மூன்றாம் நாள் இரவு.
தொண்ணூறு பேர் தூங்கிய லயத்தில்
முதலில் கேட்டது விசில் என்கிறார்கள்.
நீளமாய், மூச்சு முறிகிற வரைக்கும்.
நாய்கள் எழுந்தன, நாய்களால் ஆட்கள்.
மேல் வரிசை ஓடித் தப்பியது.
கீழ் வரிசைக்கு விசில் போகவில்லை,
மழை பெரிதாக இருந்தது.

கந்தோர் அறிக்கை:
‘ஏழாம் நம்பர் மலை இடம் மாறியுள்ளது.’
மறுநாள் பிரட்டில் பேர் கூப்பிட்டபோது
பதில் வராத பதினாறு இடங்களில்
கணக்கப்பிள்ளை ‘வரவில்லை’ என்று எழுதினார்.
கார்த்திகைப் பட்டியல்: ‘விசில்’.

வெட்டிய துண்டு
என் சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குள் இருந்தது.
கொஞ்சம் எண்ணெய் பட்டிருக்கிறது.
இன்றிரவு அதைக் கடதாசியில் ஒட்டினேன்.
கீழே எழுதினேன்:
வேலு மகள் இருளாயி, கொழுந்தெடுத்தது முப்பத்தெட்டு வருஷம்.
அதற்குக் கீழே அந்தச் சொல்.
ஐப்பசிக்குப் பிறகு எழுதாததால்
‘ண்’ணில் சுழி எத்தனை என்று
கை ஒரு நிமிஷம் நின்றது.

விடிந்ததும் தபால் பெட்டியில் போடுவேன்.
மத்தியானம் அது மேல்மாடிக்கு வரும்.
நாளை ஜன்னலோர மேசையில்
மரியசீலன்.